குதிரைக்காரன் சந்தின் இறையாண்மை

சொந்த வீட்டு வாசலில் அரை நாள் பந்தல் போடுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்தவர் யாராவது சென்னையில் இருந்தால், தயவுசெய்து கச்சேரி ரோட்டுப் பக்கம் வந்து என்னைப் பார்க்கவும். காபி என் செலவு. நானும் பீர் முஹம்மது பாயும் ஏறாத படி இல்லை. கடைசியில் நாட்டின் இறையாண்மை வரைக்கும் போய் விசாரித்தோம். அங்கேயும் ஆள் சாப்பிடப் போயிருந்தார்.

என் பெயர் வேம்பு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் குதிரைக்காரன் சந்தில் பாய் வீட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். சந்தில் குதிரையும் இல்லை, குதிரைக்காரனும் இல்லை. ஒரு ஆட்டோ உள்ளே வந்தால் சந்து நிரம்பிவிடும். முட்டுச் சந்து என்பதால் வந்த ஆட்டோ ரிவர்ஸில்தான் வெளியே போக வேண்டும். பாய்க்குப் பாண்டி பஜாரில் பை, பெட்டிகளுக்கு ஜிப் மாற்றும் கடை. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால், மிதித்தவரிடம் இவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

அவர் மனைவி தபஸ்ஸும் போன வருஷம் பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் வராது, பேச்சும் குழறும். கட்டிலை முன்னறை ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். கீரைக்காரி, பால்காரர், மாடியில் பல் தேய்க்கும் நான், எல்லாவற்றையும் அந்த ஜன்னல் வழியாகத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வஜீஹாவுக்கு இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை அஃப்தாப் தங்கமான பையன். ஆனால் அடையாறில் இருக்கும் அவன் வீட்டுப் பெரியவர்கள் அங்கேயே ஏ.சி. கல்யாண மண்டபம்தான் வேண்டும் என்று நின்றார்கள். வஜீஹா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"மண்டபத்துக்கு அம்மாவைத் தூக்கிக்கினு போக முடியாது. அம்மா பாக்காத கல்யாணம் எனக்கு வேணாம். நிக்காஹ் நம்ம ஜன்னலுக்கு எதிர்ல நடக்கட்டும். இல்லன்னா வேற பொண்ணு பாத்துக்கச் சொல்லுங்க அத்தா."

அஃப்தாப் உடனே சரி என்றான். பெரியவர்கள் முனகிக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார்கள். சந்தில் பந்தல் போடுவதற்கு முறையான அனுமதி இருக்க வேண்டும்; பாதி நிக்காஹில் போலீஸ் வந்து பந்தலைப் பிரித்தால் மானம் போய்விடும்; அனுமதி கிடைக்காவிட்டால் அடையாறு மண்டபம்தான். பாய் தலையாட்டிவிட்டு வந்தார். இது என்ன பிரமாதம், ஒரு கையெழுத்துதானே என்று நான்தான் தைரியம் சொன்னேன். அந்த வாயை என்ன செய்தால் தகும்.

போலீஸ் ஸ்டேஷனில், சட்டம் ஒழுங்கு மட்டும்தான் எங்களுடையது, தரை மாநகராட்சியுடையது என்றார்கள். மாநகராட்சி அலுவலகத்தில், தரை எங்களுடையதுதான், ஆனால் வார்டு கவுன்சிலர் ஒப்புதல் இல்லாமல் தொட மாட்டோம் என்றார்கள். கவுன்சிலர் பெயர் கயல். அவர் வீட்டுக்குப் போனால், கவுன்சிலர் நாற்காலியில் அவர் புருஷன் வேலு உட்கார்ந்திருந்தார். நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. அதிகாரம் உள்ள நாற்காலிக்குத் துண்டு உண்டு என்பது நம் நாட்டில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும்.

"மாநகராட்சிக்காரன் வார்டை மதிக்கிறதே இல்ல பாய்," என்று வேலு கொதித்தார். "தேர்ந்தெடுத்து வந்தவங்க நாங்க. எங்கள ஒரு வார்த்த கேக்காம ரோட்ட தோண்டறான், மூடறான். இன்னாத்துக்கு ஜனநாயகம் கீது? வார்டுக்கு முழு அதிகாரம் வந்தாத்தான் நாடு உருப்படும்."

கவுன்சிலரம்மாவைப் பார்க்கலாமா என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

"மேடம் உள்ள மாவாட்டிக்கினு கீறாங்க. நான் முடிவு பண்ணிட்டு சாயந்தரமா சொல்லிக்குவேன்."

முடிவும் சொன்னார். பந்தல் விஷயத்தில் வார்டுக்கு இருந்த அதிகாரத்தை மாநகராட்சி பிடுங்கிக்கொண்டது. ஆகவே ஒப்புதல் தரும் உரிமை தனக்கு இல்லை. உரிமை இருந்தாலும் அவசரப்பட்டுத் தருவதாக இல்லை. தேனாம்பேட்டையில் பெரிய ஆபீஸ் ஒன்று இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்று அனுப்பினார்.

தேனாம்பேட்டைக் கட்டடத்தின் லிஃப்ட், அமுக்கிய மாடியில் நிற்கும் வழக்கம் இல்லாதது. அது தனக்குப் பிடித்த மாடியில் நின்று கதவைத் திறந்தது. எதிரே சுவர் முழுக்க ஒரு பேனர். 'அதிகாரம் யாருக்கு?' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா வேம்பு சார், நம்மள மாதிரி எத்தினி பேர் வந்து கேட்டிருப்பாங்க. விசாரணைக்குன்னே தனி ஆபீஸ் வெச்சிட்டாங்க," என்று உள்ளே நுழைந்தார். நானும் ஆமாம் சாமி போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

அது விசாரணைக் கவுண்டர் இல்லை. இறையாண்மை எல்லை நிர்ணய உயர்மட்ட ஆணையம். மாநிலங்களுக்குச் சுயாட்சி எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று ஆராய்ந்து சொல்வதற்காக வைத்தது. தலைவர், ஓய்வு பெற்ற நீதியரசர் செம்பியன். அதன் பதவிக்காலத்தை எத்தனை முறை நீட்டித்தார்கள் என்பது அதற்கே நினைவில்லை. முதல் வருஷம் முழுவதும் துண்டுப் பிரச்சினையில் போயிற்று. தலைவர் நாற்காலிக்குத் துண்டு உண்டு, உறுப்பினர்களுக்கு இல்லை என்று ஆரம்பத்தில் ஏற்பாடு. உறுப்பினர்கள் இதை அதிகாரக் குவிப்பு என்று கண்டித்து வெளிநடப்புச் செய்தார்கள். பல அமர்வுகளுக்குப் பிறகு எல்லோருக்கும் துண்டு, தலைவர் துண்டுக்கு மட்டும் நீலக் கரை என்று சமரசம் ஆனது. இதை ஆணையத்தின் வரலாற்றுச் சாதனை என்று செயலாளர் தங்கபுஷ்பம் எங்களிடம் நிஜமாகவே பெருமையாகச் சொன்னார்.

அந்த ஆணையத்துக்குள் பொதுஜனம் என்று ஒருவர் தானாக நுழைந்தது அதுவே முதல் தடவை. பாய் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். பொன்னாடையின் மடிப்பில் ஏற்கெனவே யாருக்கோ போர்த்திய சந்தன வாசனை இருந்தது. சாப்பிடப் போயிருந்த செம்பியனை அவசரமாக அழைத்து வந்தார்கள். மீசையில் ஒரு பருக்கையோடு அவர் வந்து உட்கார்ந்து, கேட்பவர்கள் நாங்கள் இரண்டே பேர் என்பதைப் பொருட்படுத்தாமல் மைக் பிடித்துப் பேசினார்.

"தில்லி நம்மைக் கேட்பதில்லை. நம் மண்ணில் என்ன நடக்க வேண்டும் என்று எங்கேயோ உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். உங்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்கிறார்கள். எங்கள் பக்குவத்தை அளக்க நீ யார்? வாழ்கிறவனுக்குத் தெரியாதா தன் வீட்டு வாசலைப் பற்றி?"

பாய் கண் கலங்கி எழுந்து கை தட்டினார். வாசலைப் பற்றித்தான் அய்யா வந்தேன் என்று தொடங்கி, ஜன்னல், தபஸ்ஸும், நிக்காஹ் எல்லாவற்றையும் சொன்னார். அனுமதி யார் தர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டால் போய் அவர் காலில் விழுந்துவிடுவதாகவும் சொன்னார்.

செம்பியன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். சிந்தித்திருக்கிறார். குதிரைக்காரன் சந்தில் நேரடிக் கள ஆய்வு என்று அறிவித்தார். தங்கபுஷ்பம் உடனே அதற்கு ஒரு பெயர் வைத்தார்: தற்காலிகச் சுயாட்சி அலகு. அதிகாரத்தை அடிமட்டத்துக்கே கொடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். சந்து தன் விஷயங்களைத் தானே முடிவு செய்துகொள்ளலாம். அப்படியானால் பந்தலுக்கு அனுமதி என்று பாய் கேட்டதற்கு, உங்கள் சந்து உங்கள் இஷ்டம் என்றார்கள். திரும்பும் வழியில் பாய் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அங்கேதான் ஆரம்பம்.

செம்பியன் நேரில் வந்து சந்தின் வாயில் ரிப்பன் வெட்டிச் சுயாட்சி வழங்கிவிட்டுப் போன மறுநாளே, ஒற்றைப்படை வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். இதுவரை இரட்டைப்படை வரிசையின் ஆதிக்கத்தில் நசுங்கிக் கிடந்தோம், குப்பைத் தொட்டி எப்போதும் எங்கள் பக்கமே வைக்கப்பட்டது, இனி எங்கள் வரிசை தனி என்றார்கள். நடுவில் ஓடும் மழைநீர்க் கால்வாய் எல்லையாயிற்று. இஸ்திரி வண்டி சரியாகக் கால்வாய் மூடி மேல் நின்றதால், அது எந்தப் பக்கமும் சேராத பொதுப் பிரதேசம் என்று இஸ்திரிக்காரர் அறிவித்துவிட்டு, எதிர்ப்பக்கத்துச் சட்டைகளுக்குத் தனி ரேட் போட்டார். குப்பை அள்ளும் பேட்டரி வண்டி இரட்டைப்படை எல்லைக்குள் சக்கரம் வைக்க முன் அனுமதி பெறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. குப்பை சுதந்திரமாகக் கிடந்தது.

கீழ் வீட்டோடு சேர்த்து எங்களை எண்ணக் கூடாது, மாடிகளுக்குத் தனி அந்தஸ்து வேண்டும் என்று கேட்டது நான்தான். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எல்லோரும் கேட்கும்போது நாம் சும்மா இருந்தால் இளிச்சவாயன் என்று நினைப்பார்கள். "எங்காத்து பால்கனி காத்து எங்களோடது, கீழேர்ந்து தாளிக்கற பொகை அனுமதி இல்லாம மேலே வரப்டாதுன்னு எழுதிக் குடுத்துடுங்கோ," என்று நான் கூட்டத்தில் பேசியதற்கு நல்ல கைதட்டல்.

மாட்டிக்கொண்டது இரட்டைப்படை வரிசையில் இருந்த பாய்தான். பந்தலுக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்ற வேண்டும். ஒரு கால் ஒற்றைப்படை மண்ணில், ஒரு கால் இரட்டைப்படை மண்ணில். அண்டை வரிசையின் மூங்கில் எங்கள் மண்ணில் நடப்படுவது எதிர்காலத்தில் ஆக்கிரமிப்பாக மாறலாம் என்று ஒற்றைப்படைக்காரர்கள் மறுத்தார்கள். பந்தலின் கூரை மாடிகளின் வான்வெளிக்குள் வருகிறது என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அது நான் இல்லை, பக்கத்து மாடிக்காரர். முன்பு போலீஸ், மாநகராட்சி, வார்டு என்று மூன்று கதவைத் தட்டிய பாய், இப்போது சந்தில் எத்தனை கதவு உண்டோ அத்தனையும் தட்டினார். வஜீஹா வாசலில் நின்று அத்தாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடையாறிலிருந்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடலாமா என்று போன் வந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் பாய் மறுபடி ஆணையத்துக்கு ஓடினார். செம்பியன் வந்து பார்த்தார். குப்பையைப் பார்த்தார், இஸ்திரி வண்டியைப் பார்த்தார், என் பால்கனியில் நான் கட்டியிருந்த கொடியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"சுயாட்சி என்றால் இதுவா? உங்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. உங்கள் மண்ணில் என்ன நடக்க வேண்டும் என்று இனி நாங்கள் முடிவு செய்வோம்."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பாய் என்னைப் பார்த்தார். நான் கொடியை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

ஆனாலும் ஆணையம் எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. சுயாட்சி தோற்ற இடத்திலேயே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால் அறிக்கைக்குக் கனம் வரும் என்று முடிவு செய்தார்கள். நாளும் குறித்தார்கள்: நிக்காஹ் வைத்திருந்த அதே ஞாயிற்றுக்கிழமை. போலீஸ், மாநகராட்சி, வார்டு மூன்று அனுமதியும் தங்கபுஷ்பம் மேஜையில் காபி ஆறுவதற்குள் வந்து சேர்ந்தன. எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. நிக்காஹ் என்ன ஆவது என்று பாய் கேட்டதற்கு, தங்கபுஷ்பம் ரொம்பக் கருணையோடு, அதே பந்தலில் நடத்திக்கொள்ளலாம், நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டேன் என்றார். எடுத்துப் பார்த்தோம். வரவேற்புரை, முன்னிலை உரை, சிறப்புரை, பேருரை, நிறைவுரை எல்லாம் போட்டு, கடைசியில் 'கலை நிகழ்ச்சி: திருமணம்' என்று இருந்தது.

போகட்டும், பந்தலுக்கு முறையான அனுமதி கிடைத்துவிட்டது, அடையாறுக்காரர்கள் வாயை மூடலாம் என்று பாய் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடை போட்டார்கள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். மேடை போட்ட இடம் பாய் வீட்டு ஜன்னலுக்கு நேர் முன்னால். மேடையின் முதுகு ஜன்னல் பக்கம். முதுகை மறைத்து ஒரு பெரிய பேனர். உள்ளே கட்டிலில் படுத்திருந்த தபஸ்ஸுமுக்கு வானமும் இல்லை, சந்தும் இல்லை, பேனரின் பின்பக்கத்துக் கட்டைகள்தான் தெரிந்தன.

பாய் தங்கபுஷ்பத்திடம் ஓடினார். மேடையைக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா என்று கெஞ்சினார். தலைவர் கிழக்குப் பார்த்துத்தான் உட்காருவார், வாஸ்து, அது மேலிட முடிவு என்றார் தங்கபுஷ்பம். அதைச் சொல்லிக்கொண்டே பாயின் வெள்ளைச் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கைக் குத்திவிட்டார். மக்களின் குரல் பதிவாக வேண்டும், கூட்டம் முடிகிற வரை இதைக் கழற்றவே கூடாது என்றும் சொல்லி வைத்தார்.

பாய் மேடைக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். என் பொஞ்சாதி பார்ப்பதற்காகத்தான் அய்யா இவ்வளவும், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். செம்பியன் நீலக் கரைத் துண்டில் சாய்ந்துகொண்டார்.

"ஆணையத்தின் மேடை எங்கே இருக்க வேண்டும் என்று ஆணையம்தான் முடிவு செய்யும். எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் நிர்வாகம் நடக்குமா? உட்காருங்கள், தில்லி நம்மைக் கேட்காமல் செய்யும் கொடுமைகளைப் பற்றி இப்போது பேசப்போகிறேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி யார், பூசாரி யார் என்பதே பிடிபடவில்லை. பாய் வாசலோரம் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டலாம் போல இருந்தது. கீழே வேறு நிறையப் பேர் இருந்ததால் கொட்டவில்லை.

விருந்தாளிகளுக்கு உட்கார இடம் இல்லை. கச்சேரி ரோடு வரை நின்றார்கள். மாப்பிள்ளை அஃப்தாபுக்கு மேடை ஓரத்தில் துண்டு இல்லாத ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. வரவேற்புரை முடிந்தது. முன்னிலை உரையில் வேலு பேசினார். வார்டுக்கு முழு அதிகாரம் கேட்டார். கவுன்சிலர் கயல் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கம் பிரியாணி தம் உடைக்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டது. அந்த வாசனை மேடை வரை எட்டியும் பேருரை நிற்கவில்லை என்றால், செம்பியனின் கொள்கைப் பிடிப்பை நான் மெச்சத்தான் வேண்டும்.

நிக்காஹ் நடத்தி வைக்க வந்த ஹஜ்ரத் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். மதிய லுஹர் தொழுகை முடித்து நேராக வந்தவர், நேரமாகிறது, அவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும், நாம் ஆரம்பிப்போம் என்று பாயிடம் கண் காட்டினார். அவர்கள் முறைப்படி முதல் காரியம், பெண்ணின் தகப்பனார் இரண்டு சாட்சிகளோடு பெண் இருக்கும் அறைக்குப் போய் அவள் சம்மதம் கேட்பது. அவள் வாய் திறந்து சம்மதம் சொன்னால்தான் மேற்கொண்டு எதுவும். பாய் சாட்சிகளோடு முன்னறைக்குள் போனார். காலரில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். மைக் செட் ஆளும் பிரியாணிப் பக்கம் போயிருந்தார்.

செம்பியன் அப்போது உச்சத்தில் இருந்தார். "மக்களை ஒரு வார்த்தை கேட்காமல்," என்று கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் அவர் குரலை அமுக்கிக்கொண்டு பாயின் குரல் சந்து முழுக்க வந்தது.

"வஜீஹா, பேசின மஹர் பணத்துக்கு அஃப்தாபுக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு குடுக்க உனக்குச் சம்மதமாம்மா?"

செம்பியனின் கை அப்படியே மேலே நின்றது. எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பதில் வரவில்லை. பிறகு வஜீஹாவின் குரல், நிதானமாக வந்தது.

"அத்தா, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியல. பேனரோட முதுகுதான் தெரியுது. அந்த மேடைய எடுக்கச் சொல்லுங்க. அப்புறமா வந்து கேளுங்க. சொல்றேன்."

பந்தலில் ஒரு கசமுசா. செம்பியன் கையை இறக்கினார். யார் இந்தப் பெண், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் ஆணையத்துக்கு உத்தரவு போடுகிறாள் என்று கேட்டார். தங்கபுஷ்பம் விதிமுறைகளைப் புரட்டினார். வேலு எழுந்து, தான் உள்ளே போய்ப் பேசி முடித்துவிடுவதாகவும், அவசரத்துக்கு அவள் சார்பில் தானே சம்மதம் சொல்லிவிடலாம் என்றும், இதில் தனக்கு நல்ல அனுபவம் உண்டு என்றும் சொன்னார்.

"அது செல்லாதுங்க," என்றார் ஹஜ்ரத். "அந்தப் பொண்ணு வாயால வரணும்."

"நீதிபதியாக இருந்தவன் நான். நான் உத்தரவிட்டால்?" என்றார் செம்பியன்.

"செல்லாதுங்க."

செம்பியன் குரலைத் தாழ்த்தினார். "தில்லியிலிருந்து உத்தரவு வந்தால்?"

"தில்லியே எழுந்து வந்தாலும் வாசல்ல நின்னு பதிலுக்குக் காத்துக்கினுதான் இருக்கணும் சார்."

செம்பியனுக்கு முகமெல்லாம் பிரகாசம். தில்லியால் முடியாத ஒன்றை இத்தனை வருஷத்தில் அன்றுதான் நேரில் பார்க்கிறார். ஆகா என்றார், அற்புதம் என்றார், இதை அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான், காத்துக்கொண்டு நிற்பது தில்லி இல்லை, தாம்தான் என்பது அவருக்கு உறைத்தது. பிரகாசம் வந்த வழியே போய்விட்டது.

மேடையைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. போட்டது ஆணையம், அனுமதித்தது மாநகராட்சி, நிற்பது வார்டில். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து கயல் எழுந்து வந்தார். மேடை ஏறி, புருஷன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பிடித்தார்.

"எழுந்திரு."

"நீ இன்னாத்துக்குக் கயலு இங்க வர்றே?" என்றார் வேலு.

"இந்த வார்டுல எதையும் எடுக்கறதுக்கு கவுன்சிலர் ஒப்புதல் வேணும்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே. கவுன்சிலர் நான்தான். குடுத்துட்டேன். எழுந்திரு."

அவ்வளவுதான். ஒற்றைப்படைக்காரர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படைக்காரர்கள் மறுபக்கம் மேடையைப் பிடித்தார்கள். நான் மாடியின் தனி அந்தஸ்தை விட்டுவிட்டு இறங்கி ஓடிப் பேனரை அவிழ்த்தேன். இஸ்திரிக்காரர் தன் பொதுப் பிரதேசத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கச்சேரி ரோட்டில் விட்டார். செம்பியனை நாற்காலியோடு தூக்கிக் கால்வாய்க்கு அந்தப் பக்கம், மேற்குப் பார்த்து வைத்தோம். வாஸ்துவை அவரும் மறந்துவிட்டார். துண்டு போர்த்திய நாற்காலிகளில் விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். நீலக் கரைத் துண்டில் பிறகு யாரோ பிரியாணிக் கை துடைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க ஆணையம் ஒரு நபர் குழு போட்டதாகக் கேள்வி.

பேனர் இறங்கியதும் ஜன்னல் தெரிந்தது. தலையணை அடுக்கி, தபஸ்ஸுமை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். புதுப் புடவை. நல்ல பக்கத்து முகம் மட்டும் சிரித்தது. அஃப்தாப் எழுந்து ஜன்னலைப் பார்த்து சலாம் சொன்னான். தபஸ்ஸும் இடது கையை நெற்றி வரை கொண்டுபோனார். எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. பக்கத்தில் தங்கபுஷ்பம் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

பாய் சாட்சிகளோடு மறுபடி உள்ளே போனார். மறுபடி கேட்டார். காலர் மைக் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

பதில் வரவில்லை.

மேடை எடுத்தாகிவிட்டது, ஜன்னல் திறந்தாகிவிட்டது, இன்னும் என்ன? அஃப்தாபுக்கு வேர்த்து ஊற்றியது. அடையாறுப் பெரியவர்கள் தொண்டையைச் செருமினார்கள். நீதியரசர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வேலு நகத்தைக் கடித்தார். மூடிய சட்டி மூடியபடி இருக்க, பிரியாணி மாஸ்டர் கரண்டியோடு நின்றார். ஒரு சந்து, ஒரு வார்டு, ஒரு மாநகராட்சி, ஒரு உயர்மட்ட ஆணையம், எல்லாம் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு மூச்சுப் பிடித்து நின்றன.

"சம்மதம்," என்றாள் வஜீஹா.

சந்து முழுக்க எழுந்த சத்தத்தில் காக்காய்கள் கலைந்தன.

ஆணையத்தின் அறிக்கை பிறகு வெளிவந்தது. தில்லியிடமிருந்து அதிகாரம் ஆணையம் இருக்கும் மாடி வரை உடனடியாக வந்தாக வேண்டும் என்றும், அதற்குக் கீழே போகச் சூழ்நிலை இன்னும் கனியவில்லை என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். பின்னிணைப்பில் எங்கள் சந்து வருகிறது. சம்பந்தப்பட்டவரிடம் நேரில் போய்க் கேட்டு, பதில் வரும் வரை எல்லோரும் நிற்கும் இந்த வழக்கம் பாராட்டத்தக்கது என்றாலும், வேறு இடங்களுக்கு விரிவுபடுத்துவதில் நடைமுறைச் சிக்கல் உண்டு என்று எழுதியிருந்தார்கள். ஆணையத்தின் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டது.

அம்மாவைப் பார்க்க வஜீஹா போன வெள்ளிக்கிழமை வந்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தபஸ்ஸுமுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனதில் அரித்துக்கொண்டே இருந்ததைக் கேட்டுவிட்டேன். முதல் தடவை சரி, மேடைக்காக நிறுத்தினாய். ரெண்டாம் தடவை எதுக்கும்மா அத்தனை நேரம், எங்களுக்கெல்லாம் உயிர் போயிடுத்தே என்றேன்.

ஆரஞ்சிலிருந்து விதையை எடுத்துவிட்டு, சுளையை அம்மா வாயில் வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"ஜட்ஜு, கவுன்சிலரு புருஷன், நீங்க, எங்கத்தா, எல்லாரும் இத்தினி நாளா அவங்கவங்களே முடிவு பண்ணிக்கினு இருந்தாங்க வேம்பு மாமா. அன்னிக்குத்தான் மொத தடவையா எங்கிட்ட கேட்டுட்டு, பதிலுக்கு எல்லாரும் நின்னீங்க. உடனே சொல்லிட்டா முடிஞ்சிடும்ல? அதான் கொஞ்ச நேரம் வெச்சிருந்தேன்."